கோப்புகளிடையே வாழ்ந்த வீரர்: ரெனே கார்மீய்

போர்க்களத்தில் மடிந்தவர்க்கு நடுகல் நாட்டுவது உலகெங்கும் உள்ள மரபு. அலுவலக மேசையின்முன் அமர்ந்து, கணக்கும் கோப்புமாக வாழ்நாளைக் கழித்த ஒருவரை வீரர் வரிசையில் வைத்து எண்ணுவது அரிது. பேனா பிடிப்பவருக்கு வீரம் காட்ட இடம் ஏது என்று உலகம் எண்ணுவதே அதற்குக் காரணம். நம் சங்கக் குடும்பங்கள் பலவும் அரசாங்கப் பணியை நம்பித் தமிழகத்தை விட்டுப் புறப்பட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியவை. கோப்புகளோடு வாழ்வது எத்தகையது என்பதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே, கோப்புகளிடையே வாழ்ந்து, அவை காரணமாகவே உயிரையும் ஈந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வரலாற்றை இம்மாத இதழில் நினைவுகூர விரும்புகிறோம். ஜனவரித் திங்கள் 25ஆம் நாள் அவர் மறைந்த நாள்.

அவர் பெயர் ரெனே கார்மீய். பிரான்சின் தென்மேற்கில் தொர்தோஞ் மாவட்டத்தைச் சேர்ந்த த்ரெமொலா என்னும் சிற்றூரில் 1886ஆம் ஆண்டு பிறந்தார். அந்நாளில் பாரிசில் இருந்த புகழ்பெற்ற பொலிடெக்னிக் கல்லூரியில் பயின்று, பீரங்கிப் படையில் அதிகாரியானார். முதல் உலகப் போருக்குப் பின்னர், இராணுவத்தின் வரவு செலவுகளையும் நிர்வாகத்தையும் தணிக்கை செய்யும் துறைக்கு மாறினார். பீரங்கியை விட்டுக் கணக்கேட்டைக் கையில் எடுத்த அவர், தம் நாட்டின் அலுவலகங்கள் எவ்வளவு மெதுவாக இயங்குகின்றன என்பதைக் கண்டு கவலையுற்றார். அக்கவலையே அவரை ஓர் இயந்திரத்திடம் கொண்டு சேர்த்தது.

துளையிட்ட அட்டை

இன்று கணிப்பொறி செய்யும் வேலையில் ஒரு பகுதியை அக்காலத்தில் துளையிட்ட அட்டைகள் செய்து வந்தன. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் என்பவர் இம்முறையைக் கையாண்டு வெற்றி பெற்றார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் வரிசையாகக் கட்டங்கள். வயதுக்கு ஒரு கட்டம், பிறந்த இடத்திற்கு ஒரு கட்டம், தொழிலுக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்கி, உரிய எண்ணின்மேல் துளையிடுவார்கள். துளையின் வழியே மின்சாரம் பாயும்போது இயந்திரம் அந்த அட்டையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தனியே பிரித்து வைக்கும். நாற்பது வயதுக்குட்பட்ட தச்சர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டால், நூறு எழுத்தர்கள் மாதக்கணக்கில் தேடவேண்டிய விடையை இயந்திரம் சில நாட்களில் தந்துவிடும்.

இம்முறையை அரசாங்க அலுவலகங்களில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி 1936இல் கார்மீய் ஒரு நூலே எழுதினார். ஒவ்வொரு குடிமகனுக்கும் மாறாத எண் ஒன்று இருந்தால், ஒரு துறை சேர்த்த விவரத்தை மற்றொரு துறை மீண்டும் கேட்டு அலையவேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

இத்தகைய கருவிக்கு நெஞ்சம் என்று ஒன்று கிடையாது. தச்சர்களைத் தேடித் தரும் அதே இயந்திரம், கட்டத்தின் தலைப்பை மாற்றினால் ஓர் இனத்தாரையோ ஒரு சமயத்தாரையோ வீடு வீடாகக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்வுண்மை வெளிப்படும் காலம் விரைவிலேயே வந்தது.

தோல்வியின் நடுவே ஒரு திட்டம்

1940ஆம் ஆண்டு மே, ஜூன் திங்களில் ஹிட்லரின் படைகள் பிரான்சை ஆறே வாரங்களில் வீழ்த்தின. ஜூன் 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பாரிஸ் உள்ளிட்ட வடபகுதியும் மேற்குக் கடற்கரையும் ஜெர்மானியர் வசமாயின. தென்பகுதியை விஷி நகரிலிருந்து மார்ஷல் பெத்தேன் ஆண்டார். பிரெஞ்சு இராணுவம் ஒரு லட்சம் வீரர்களாகக் குறுக்கப்பட்டது. புதிதாக இளைஞர்களைப் படைக்குச் சேர்க்கும் அலுவலகங்களும் மூடப்பட்டன.

அந்நாளில் அரசாங்கப் பணியிலிருந்த ஒவ்வொருவர் முன்னும் ஒரு கேள்வி எழுந்தது. பதவியை விட்டு விலகுவதா, அல்லது இருந்துகொண்டு இயன்றதைச் செய்வதா? எர்-எ-லுவார் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த ஜான் மூலேன் முதல் நாளிலேயே மறுத்து நின்றார். பிரெஞ்சுப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்கள்மீது பொய்ப்பழி சுமத்தும் ஒரு பத்திரத்தில் கையொப்பமிடும்படி ஜெர்மானியர் அவரை அடித்து வற்புறுத்தினர். இணங்கிவிடுவோமோ என்றஞ்சி, அவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். உயிர் பிழைத்த அவரை விஷி அரசு அவ்வாண்டு இறுதிக்குள் பதவியிலிருந்து நீக்கியது. பின்னர் அவர் தலைமறைவு இயக்கத்தின் தலைவராகி, 1943இல் பிடிபட்டு, சித்திரவதையால் இறந்தார். நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே ஆளுநராக இருந்த லூயி பொன்வேன், 1940 செப்டம்பரில், பிரெஞ்சிந்தியா ஜெனரல் தெகோலின் பக்கமே நிற்கும் என்று அறிவித்தார்.

கார்மீய் தேர்ந்துகொண்ட வழி வேறு. அவர் விலகவில்லை. படைக்கு ஆள்சேர்க்கும் அலுவலகங்கள் மூடப்பட்டமையால், அவற்றின் இடத்தில் மக்கள்தொகைக் கணக்கு அலுவலகம் ஒன்று வேண்டும் என்று விஷி அரசுக்கு எடுத்துரைத்தார். 1940 நவம்பரில் அது நிறுவப்பட்டது. 1941 அக்டோபரில் பழைய புள்ளிவிவரத் துறையும் அதனுடன் இணைக்கப்பட்டு, தேசியப் புள்ளிவிவரத் துறை என்னும் பெயர் பெற்றது. லியோன் நகரில் தலைமையகம். வேலையிழந்த இராணுவ அதிகாரிகள் பலர் அங்கே சாதாரண உடையில் வந்து அமர்ந்தனர்.

வெளிப்பார்வைக்கு அது ஒரு கணக்கு அலுவலகம். உள்ளே மறைவாக நடந்த வேலை வேறு. நாடு மீண்டும் போரில் இறங்கும் நாள் வந்தால், பயிற்சி பெற்ற ஆண்கள் எவர், எங்கிருக்கிறார்கள், அவர்களை எவ்வளவு விரைவில் அழைக்கலாம் என்பதை அட்டைகளே சொல்லும்படி கார்மீய் ஏற்பாடு செய்தார். போர்நிறுத்த உடன்படிக்கையை மீறிய இந்தச் செயல் ஜெர்மானியர்க்குத் தெரிந்தால் தண்டனை என்னவாக இருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியபோது, அல்ஜியர்ஸ் அலுவலகத்தில் சேர்த்து வைத்திருந்த அட்டைகள் அங்கே பிரெஞ்சுப் படையைத் திரட்ட உதவின. அதே வாரம் ஜெர்மானியர் தென்பகுதிக்குள்ளும் புகுந்தனர். பிரான்சு மண்ணில் அத்திட்டம் நிறைவேற வழியில்லாது போயிற்று.

பதினோராம் வினா

இனிக் கார்மீயின் வாழ்வில் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

விஷி அரசு 1940 அக்டோபரிலேயே யூதர்களை அரசாங்கப் பணியிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் விலக்கும் சட்டத்தை இயற்றிவிட்டது. அதைச் செய்யும்படி ஜெர்மானியர் கட்டளையிடவில்லை. 1941 ஜூனில் மேலும் கடுமையான சட்டம் வந்தது. அடுத்த மாதமே தென்பகுதியில் தொழில்புரியும் வயதினர் அனைவரையும் கணக்கெடுக்கும் பணியை கார்மீயின் அலுவலகம் மேற்கொண்டது. வினாத்தாளில் பதினோராம் வினா, ‘நீங்கள் யூத இனத்தவரா?’ என்பதாகும்.

இதே காலத்தில் வடக்கே நடந்ததையும் இங்கே நோக்கவேண்டும். பாரிஸ் காவல்துறை 1940 அக்டோபரில், ஜெர்மானிய ஆணையின்படி, தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த யூதர்களைத் தாமாகவே வந்து பதிவு செய்துகொள்ளும்படி அறிவித்தது. ஏறத்தாழ 1,50,000 பேர் சட்டத்திற்கு அடங்கிய குடிமக்களாக வரிசையில் நின்று பெயர் கொடுத்தனர். ஆந்த்ரே துலார் என்னும் அதிகாரி அவ்விவரங்களைப் பெயர்வாரியாகவும், தெருவாரியாகவும், தொழில்வாரியாகவும், நாட்டுரிமைவாரியாகவும் நான்கு வகையாக அடுக்கி வைத்தார். மின்சார இயந்திரம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒழுங்கான எழுத்தர்களும் மரப்பெட்டிகளும் போதுமானவையாக இருந்தன. 1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் பிரெஞ்சுக் காவலர்கள் அந்த அட்டைகளைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று, குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 13,000 பேரைப் பிடித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து திரும்பவில்லை.

ஹாலந்தில் நேர்ந்தது இன்னும் கொடியது. அந்நாட்டில் போருக்கு முன்பே ஒவ்வொருவர் சமயமும் குடிப்பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. நல்லெண்ணத்துடன் சேர்த்த விவரம் அது. பதிவுத்துறைத் தலைவர் யாகோப் லென்ட்ஸ் தம் தொழிலில் பெருந்திறமையாளர். போலி செய்வதற்கு மிகவும் அரிதான அடையாளச் சீட்டை உருவாக்கி, அதனை ஜெர்மானியர் ஆட்சியிலும் குறைவின்றி நடைமுறைப்படுத்தினார். ஆம்ஸ்டர்டாமில் சில கலைஞர்களும் அவர்தம் நண்பர்களும் 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு குடிப்பதிவு அலுவலகத்திற்குத் தீ வைத்து, அட்டைகளில் ஒரு பகுதியை அழித்தனர். அச்செயலுக்காக அவர்களுள் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஹாலந்து நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரான்சில் நால்வரில் ஒருவர் மாண்டார். இந்த வேற்றுமைக்கு நிலத்தின் பரப்பும், மலைகளும், ஜெர்மானியர் பிடியில் நெடுங்காலம் அகப்படாத தென்பகுதியும், அண்டை வீட்டாரின் துணையும் என்று காரணங்கள் பல உண்டு. எந்த ஒரு மனிதர் பெயரிலும் அதை முழுதும் எழுதிவிட இயலாது.

லியோன் அலுவலகத்தில் பதினோராம் வினா என்ன ஆயிற்று? யூதர் விவகாரத் துறையினர் அதன் முடிவுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தனர். கணக்கு முடியவில்லை, வேலை மிகுதி, ஆள் போதவில்லை என்று காலம் நீண்டது. அவ்வினாவிற்கு வந்த விடைகள் அட்டைகளில் பயன்படுத்தப்படாமலே கிடந்தன என்றும், இது கார்மீய் வேண்டுமென்றே செய்த தடை என்றும் அவரைப் போற்றுவோர் கூறுகின்றனர். எட்வின் பிளாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், 2001இல் வெளியிட்ட தம் நூலில், அட்டைத் துளையை வைத்து நாஜிகளை ஏமாற்றிய வீரராகவே அவரைச் சித்திரிக்கிறார்.

ஆனால் வரலாற்றாசிரியர் சிலர் இவ்வளவு தெளிவாகப் பேசத் தயங்குகின்றனர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1941 ஜூனில் கார்மீயே யூதர் விவகாரத் துறைக்குத் தம் அலுவலகத்தின் இயந்திரங்கள் உதவக்கூடும் என்று எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் வகுக்கப்பட்ட குடிமக்கள் எண்ணில், அல்ஜீரியாவைப் பொறுத்தவரை, முதல் இலக்கமே ஒருவர் முஸ்லிமா, யூதரா, அயல்நாட்டவரா என்று காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிதம் பகைவரின் ஐயத்தைத் தணிக்க எழுதியதா? யூதர் கணக்கு வேறு கைகளுக்குப் போகாமல் தம் கையிலேயே இருக்கட்டும் என்று எண்ணினாரா? அல்லது தம் இயந்திரத்தின்மேல் கொண்ட காதலால், அது எதற்குப் பயன்படும் என்பதை அந்நாளில் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லையா? 1998இல் இதனை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் குழு அவரைத் துரோகி என்று தூற்றவும் இல்லை. யூதர்களைக் காத்த வீரர் என்று முடிசூட்டவும் இல்லை. அவருடைய மகன் தந்தையின் பெயரைக் காக்க ஒரு நூல் எழுதினார்.

இதை மறைத்து அவரைப் புகழ்வது நமக்கு உடன்பாடன்று. அநீதியான அரசின் உள்ளே இருந்துகொண்டு அதை எதிர்ப்பவர், வெளியே அதற்குத் தொண்டு செய்பவர் போலவே காணப்படவேண்டும். அவருடைய கடிதங்கள் அரசின் மொழியிலேயே இருக்கும். அவருடைய உண்மைச் செயல்கள் காகிதத்தில் ஏறுவதில்லை. பிற்காலத்தார் கையில் எஞ்சுவது கடிதங்களே. மூலேனைப்போல் வெளிப்படையாக மறுத்தவருக்குக் கிடைத்த தெளிந்த புகழ் இத்தகையோர்க்குக் கிடைப்பதில்லை. உள்ளே இருப்பவர் தமக்கே தெரியாமல் எல்லையைக் கடந்துவிடும் ஆபத்தும் அந்த வழியில் உண்டு.

லியோன் முதல் டாக்கவ் வரை

ஐயத்திற்கு இடமில்லாதது கார்மீயின் இறுதிக்காலம். ஜெர்மானியர் தென்பகுதியைக் கைப்பற்றிய பின்னர், அவர் மார்கோ போலோ என்னும் தலைமறைவு உளவு இயக்கத்தில் பங்கு கொண்டிருந்தார். நேச நாடுகளுக்குச் செய்தி அனுப்பிய இயக்கம் அது. பகலில் துறைத் தலைவராக அமைச்சகங்களுக்கு அறிக்கை எழுதியவர், மறைவில் நாட்டின் விடுதலைக்கு உழைத்தார்.

1944 பிப்ரவரி 3ஆம் நாள் லியோனில் ஜெர்மானிய இரகசியப் போலீசார் அவரைக் கைது செய்தனர். அவருடைய நெருங்கிய துணை அதிகாரி ரேமோன் ஜவெனும் உடன் பிடிபட்டார். அப்போது கார்மீய்க்கு வயது 58. விசாரணை நடத்தியவன் கிளாஸ் பார்பி. ஜான் மூலேனை வதைத்தவனும் அவனே. கார்மீய் பின்னர் மொன்லுக் சிறையிலும் கொம்பியேஞ் முகாமிலும் அடைக்கப்பட்டார்.

1944 ஜூலை 2ஆம் நாள் கொம்பியேஞ்சிலிருந்து ஒரு புகைவண்டி ஜெர்மனிக்குப் புறப்பட்டது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகியிருந்தன, விடுதலை நெருங்கிக்கொண்டிருந்தது. கடுங்கோடை. சரக்குப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு பேர் அடைக்கப்பட்டனர். காற்றில்லை, தண்ணீரில்லை. மூன்று நாட்களுக்குப் பின் டாக்கவ் முகாமில் கதவுகள் திறந்தபோது, ஏற்றப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஐந்நூறுக்கும் அதிகமானோர் பிணமாகக் கிடந்தனர். பிரெஞ்சு மக்கள் அந்த வண்டியை மரண வண்டி என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர். ஜவென் அதிலேயே இறந்தார். கார்மீய் உயிரோடு இறங்கினார்.

அந்த டாக்கவ் முகாமில்தான் 1944 செப்டம்பர் 13ஆம் நாள், இந்தியத் தந்தைக்குப் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, பாரிசில் இரகசிய வானொலி இயக்கிய நூர் இனாயத் கான் சுட்டுக் கொல்லப்பட்டார். பனிக்காலத்தில் நச்சுக்காய்ச்சல் அம்முகாமில் பரவிற்று. அந்நோய்க்கு இரையாகி 1945 ஜனவரி 25ஆம் நாள் கார்மீய் மறைந்தார். அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது ஏப்ரல் 29ஆம் நாள். இடையே இருந்தது மூன்று மாதமே.

மக்கள் குடியிருக்கும் இடத்தை எண்களாக்கி ஒழுங்குபடுத்த வாழ்நாளெல்லாம் உழைத்தவர், இறுதியில் ஓர் எண்ணாகவே ஆக்கப்பட்டு மடிந்தார். பெயரை அழித்து எண்ணை மட்டும் விட்டுவைப்பது அந்த முகாம்களின் முறை.

பார்பி பல ஆண்டுகள் தென்னமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்தான். 1983இல் பொலிவியாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, 1987இல் அதே லியோன் நகரின் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்று, 1991இல் சிறைவாசியாகவே இறந்தான்.

எஞ்சியவை

கார்மீயின் அலுவலகம் 1946இல் பிரான்சின் தேசியப் புள்ளிவிவர, பொருளாதார ஆய்வு நிறுவனமாக உருமாறி இன்றும் இயங்குகிறது. புள்ளிவிவர வல்லுநர்களைப் பயிற்றுவிக்க 1942இல் அவர் தொடங்கிய பள்ளியும் பெயர் மாறித் தொடர்கிறது. அவர் வகுத்த பதின்மூன்று இலக்க எண்ணே அந்நாட்டின் சமூகக் காப்பீட்டு எண்ணாயிற்று. பிரான்சில் இன்று பிறக்கும் குழந்தைக்கும் அவ்வெண் வழங்கப்படுகிறது. முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். பின்னர்ப் பிறந்த ஆண்டு, மாதம், பிறந்த இடம், பதிவு வரிசை. இனத்தையும் சமயத்தையும் காட்டிய மற்ற இலக்கங்கள் நீக்கப்பட்டுவிட்டன. மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் மக்களுக்கு உதவும் அந்த எண், ஒரு காலத்தில் எத்துணை அபாயத்தின் விளிம்பில் நின்றது என்பதை அதைத் தாங்குவோரில் பலர் அறியார்.

சொந்த மாநிலம் விட்டு வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு தனிப் பொருள் உண்டு. குடிபெயர்ந்தவர்கள் எங்கும் பட்டியலில் ஏறுகிறவர்கள். பிறந்த இடம் எது, தாய்மொழி எது, எந்த ஆண்டு வந்தீர்கள் என்னும் வினாக்களுக்கு நாம் பலமுறை விடையெழுதியிருக்கிறோம். அவ்விடைகளால் பள்ளிகளில் தமிழ் வகுப்பும் பிற வசதிகளும் கேட்டுப் பெற வழி பிறக்கிறது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனி ஒருவர் தந்த விவரத்தை மற்றவர் பார்வையிடவோ, பொதுவாக வழக்குகளில் சான்றாகக் கொள்ளவோ இடந்தரவில்லை. அச்சட்டத்தின் அருமை, அத்தகைய காவல் இல்லாத இடத்தில் பட்டியல்கள் என்ன செய்தன என்பதை அறிந்தவர்க்கே நன்கு விளங்கும்.

சட்டம் காகிதத்தில் இருப்பது. அதைக் காப்பது நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதர். துலாரும் லென்ட்ஸும் கொடியவர்களாகப் பிறந்தவர்களல்லர். இட்ட வேலையைப் பிழையின்றி முடிக்கும் திறமையாளர்கள். எந்த அலுவலகமும் அவர்களுக்கு நற்சான்றிதழ் வழங்கியிருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்வது நற்பண்பு என்றே நம் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். அதனுடன், இந்தக் கட்டம் எதற்காக, இதை நிரப்பினால் எவர் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லித் தரவேண்டும். தேர்வெழுதி அரசாங்கப் பணிக்குச் செல்லவிருக்கும் நம் இளைஞர்கள் ரெனே கார்மீயின் வரலாற்றை, அதன் ஒளியோடும் நிழலோடும், ஒருமுறை படித்துவிட்டுச் செல்வார்களாக.